மானகிரி வீட்டு உள்சுவரில் இருந்த பதினொரு வறட்டிகள்

எழுபத்திரண்டு வயதில் ஒருவர் வீடு மாறுவதென்றால், போகிற இடத்தை முதலில் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். திருச்சி புத்தூரில் நான் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். ஆடி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கே வரச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். கேட்டவள் ஒருத்திதான், என் மறைந்த கணவரின் தங்கை பஞ்சவர்ணம். அவளும் கணவரை இழந்தவள், வயது அறுபத்து நான்கு. காரைக்குடிக்கு அருகே மானகிரியில், தகப்பனார் கொடுத்த முக்கால் ஏக்கரில், தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள்.

"மேற்கால ஒரு ரூம்பு சும்மாதானே கெடக்கு மதினி. வந்து எங்கூட இருங்க" என்று தொலைபேசியில் சொன்னாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வைகாசிக் கடைசியில் நான்கு நாட்கள் போய் வந்தேன். ஓய்வுக்காலத்தில் ஒரு துண்டு நிலம், நாலு கோழி, வீட்டு ஊறுகாய் என்று கனவு காண்கிறவர்கள் என் பயணக் கட்டுரைப் பக்கத்துக்கு நிறையப் பேர் வருகிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை 6.10-க்குத் திருச்சியில் பேருந்து ஏறினேன். புதுக்கோட்டை, திருமயம் வழியாகச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் 95 ரூபாய். இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று. திருமயத்தில் ஓட்டுநர் தேநீர் குடித்த பன்னிரண்டு நிமிடமும் இதில் அடக்கம். காரைக்குடியில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி 90 ரூபாய். காபி சுமார்தான். அங்கிருந்து மானகிரி எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு இலவசம் பழக்கமில்லாததால் ஆட்டோ பிடித்தேன். 250 கேட்டார், 220-க்கு ஒப்புக்கொண்டார்.

"எங்க போகணும் ஆச்சி?"

"மானகிரி. நான் ஆச்சி இல்லை."

"சரிங்கம்மா. அங்குட்டு யாரு வீட்டுக்குப் போறீக?"

நாத்தனார் பெயரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பஞ்சவர்ணத்தம்மாவா? உப்பும் தீப்பெட்டியும் தவிர கடையில எதுவும் வாங்க மாட்டாகளே! எத்தனை நாளு தங்குவீக?"

"நாலு நாள்."

"அதுக்கு மேல தங்காதீகம்மா. உங்களையும் உப்புல பெரட்டி வத்தல் போட்ருவாக."

அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. அந்த வீட்டில் காயாதது எதுவும் இல்லை. மாடியில் கூழ்வத்தல், முற்றத்தில் சுண்டைக்காய், முளையடித்த கயிற்றில் உப்புக்கண்டம். ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள், நான் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே. நிலத்தில் கத்தரி, வெண்டை, முருங்கை. வேலி நெடுக எலுமிச்சை. கொடிக்காய்களுக்கான பந்தல் அப்போது வெறுமையாக இருந்தது. ஒரு பசு, நான்கு வெள்ளாடுகள், பதினாறு கோழிகள். கோழிகள் எல்லா அறைக்குள்ளும் வந்தன. நான் சொன்ன பிறகும் வந்தன.

மேற்கு அறை பத்தடிக்கு எட்டடி. ஜன்னல் ஒன்று, கயிற்றுக் கட்டில் ஒன்று. உள்சுவரில், என் தலை உயரத்துக்குமேல், இரண்டு வரிசையாகச் சாணி வறட்டி தட்டியிருந்தது. நான் மூக்கைப் பிடித்திருப்பேன் போலிருக்கிறது. பஞ்சவர்ணம் பார்த்துவிட்டாள்.

"வாடை எல்லாம் அடிக்காது மதினி, காஞ்சு போச்சு. இந்தச் சுவத்துப் பக்கம் மட்டும் ஈரம் படாமப் பாத்துக்கங்க."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய சுவர், சுண்ணாம்பு உதிரும், அதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குளிக்க வெந்நீர் வேண்டும் என்றதற்கு, "வெளிச்சுவத்துல வறட்டி இருக்கு, வேணுங்கறதப் பேத்துக்கங்க" என்றாள். பின்கட்டில் அண்டாவின் கீழ் எரித்துக்கொண்டேன். இரண்டு வறட்டிக்கு ஒரு குளியல்.

வெள்ளிக்கிழமை முழுதும் மோர் மிளகாய் போட்டோம். மூன்று கிலோ மிளகாய். காம்பு இருக்க வேண்டும், நுனியில் கீற வேண்டும், கீறல் மறுபக்கம் போய்விடக் கூடாது. கன்னியர் பள்ளியில் சிஸ்டர்கள் கற்றுத்தந்த தையல்வேலை என் கையில் இன்னும் இருக்கிறது. ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பஞ்சவர்ணம் அருகில் வந்து நான்கைந்தை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே அளவா இருக்கு. அளவுகோல் வச்சுக் கீறுனீகளா?"

"எனக்கு வேலை அப்படித்தான் வரும்."

"இங்கன இருந்தீகன்னா வருசா வருசம் மெளகா உங்க பொறுப்பு. நான் கீறுனா பாதி வாயப் பொளந்துக்கும்" என்று சொல்லிவிட்டு மோர்ச் சட்டியில் உப்பை அள்ளிப் போட்டாள். அளக்கவில்லை. ருசி பார்த்தேன், சரியாக இருந்தது. பத்தொன்பது வருடமாக ஒரு காய்கூடக் கடையில் வாங்கியதில்லை என்று அன்றுதான் சொன்னாள். போன வருடம் மழை பொய்த்தபோதும் வாங்கவில்லையாம். வற்றலை வைத்தே ஓட்டியிருக்கிறாள். என்னைவிடக் கர்வக்காரி. அன்று சாயங்காலம் முடிவுசெய்துவிட்டேன், இங்கேயே வந்துவிடலாம் என்று. அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் திருக்கோஷ்டியூருக்குப் பெருமாள் சேவிக்கக் கிளம்பினாள். மாதம் ஒரு சனிக்கிழமை போகிற வழக்கம். என்னையும் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது, ஆனால் காரணம் அதுவல்ல. என் அறையை என் வழக்கப்படி ஆக்கிவிட்டு, அவள் வந்ததும் காட்டிச் சொல்ல நினைத்தேன்.

கட்டிலை வெளியே போட்டேன். ஒட்டடை அடித்தேன். பிறகு சுவர். எரிப்பதற்கான வறட்டி வெளிச்சுவரில்தானே இருக்க வேண்டும், மனுஷர் படுக்கிற அறையில் எதற்கு? தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். பதினொன்று. ஒன்றின் ஓரத்தில் வெளுப்பாக எதுவோ பல்லைப் போலத் துருத்திக்கொண்டிருந்தது. நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வைக்கோல் என்று விட்டுவிட்டேன். சுவரைத் தேய்த்துக் கழுவினேன். வேர்த்துப் போயிருந்ததால் அதே வறட்டிகளை அண்டாவின் கீழ் வைத்துப் பற்றவைத்தேன். பதினொன்றையும். படபடவென்று வெடித்தன. உள்ளே ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

மதியம் இரண்டே காலுக்கு அவள் திரும்பி வந்தாள். கூடவே பக்கத்து நிலத்து ராக்கு. ராக்கு கையில் சின்னக் கிண்ணம் ஒன்று இருந்தது. ஆடியில் ஊன்றுவதற்குச் சுரைவிதை கேட்டு வந்திருந்தாள். இருவரும் மேற்கு அறை வாசலில் நின்றார்கள். நான் பெருமையோடுதான் நின்றேன், மறைக்க ஒன்றுமில்லை.

"சுவத்துல இருந்ததெல்லாம் எங்க மதினி?" என்றாள் பஞ்சவர்ணம்.

"வெந்நீருக்குப் போட்டுவிட்டேன். இனிமேல் இது என் அறை..."

ராக்குதான் முதலில் வாயில் கை வைத்தாள். "அடி ஆத்தீ! வருசத்து வெதையப் பூராம் போட்டுக் குளிச்சுப்புட்டீகளா? ராசாத்திகூட இம்புட்டு வெலையில குளிக்க மாட்டாகளே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுரை, பீர்க்கு, புடலை, பரங்கி. காயை முற்றவிட்டு, விதையெடுத்து, சாணிக்குள் பொதிந்து உள்சுவரில் தட்டிவைப்பார்களாம். பூச்சி அண்டாது, எலி தொடாது, ஆடிவரை அப்படியே இருக்கும். போன வருடம் மழையில்லாமல் காய்த்ததே கொஞ்சம். அதில் விதைக்கு விட்டது முழுதும் அந்தப் பதினொன்றுக்குள் இருந்திருக்கிறது. ராக்குவிடம் பரங்கி மட்டும் இருந்தது. மற்றவை அவளிடம் இல்லாததால்தான் கிண்ணத்தோடு வந்திருக்கிறாள்.

பஞ்சவர்ணம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் பதில் இருந்தது. அவள் பின்கட்டுக்குப் போய் அடுப்பிலிருந்த சாம்பலை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாள். குச்சியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வெந்நி நல்லாச் சூடா இருந்துச்சா மதினி?" என்று கேட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால், வீட்டுக்கு வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் சேர்த்துக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வந்தவுகன்னு நெனச்சாத்தானே சொல்லத் தோணும்" என்றாள். "நம்ம வீட்டு ஆளு, தெரியும்னு நெனச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு முன்பே எழுந்து மூட்டை கட்டிவைத்திருந்தாள். எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், சுண்டைவற்றல், உப்புக்கண்டம், நான் கீறிய மிளகாயில் அரைக்கிலோ. ஒரு நாள் வெயில்தான் கண்டிருந்தது, வீட்டில் போய்க் காயவைக்கச் சொன்னாள். சொந்தவீட்டு மனுஷிக்கு யாரும் மூட்டை கட்டுவதில்லை. நானே விருந்தினருக்கு இப்படிக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

"அப்பப்ப வந்துட்டுப் போங்க மதினி" என்றாள். மேற்கு அறையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பும்போது நகரப் பேருந்தில் வந்தேன். 9.25-க்கு வந்தது. கட்டணம் இல்லை.

இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை, வைகாசியில் போனால் வற்றல் வேலையைப் பார்க்கலாம்; வெயில் தாங்காதவர்கள் தை, மாசியில் போங்கள். தண்ணீர் உப்புக்கரிக்கும், குடிக்கத் தனியாகக் கொண்டுபோங்கள். மூடிய செருப்பு அவசியம். மிளகாய் கீறினால் கையில் முதலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சிறு நிலத்தில் ஒருவர் சாப்பாட்டுக்கு விளைவிக்க முடியுமா என்றால், முடியும். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அங்கே அழுக்காகத் தெரிகிற எதையும், கேட்காமல் சுத்தம் செய்யாதீர்கள். கேட்பது கௌரவக் குறைவு என்று தோன்றினால், ஊரிலேயே இருந்துவிடுங்கள்.

விதைக்காகத் திருச்சியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். பளபளக்கும் பொட்டலங்கள்தான் கிடைத்தன. நான்கு வகையும் வாங்கித் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக அவள் தொலைபேசியில் சொன்னாள். ஊன்றியதாகச் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது மாடி. போய்ப் பார்த்தேன். பன்னிரண்டடிக்குப் பத்தடி, நான்கு பக்கமும் புதிதாக வெள்ளையடித்த சுவர். பழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். தூசிகூட ஒட்டவில்லை.