வேண்டாமென்று நானே சொன்ன அனுமதி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதத்து மத்தியானம். பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் நடந்தது.

அங்கே இருபது வருடமாக நான்தான் பொறுப்பு. ஆபீசில் வார்டன் என்று ஒருவர் இருந்தாலும், வெளியே போக வேண்டிய பெண் என்னிடம்தான் வருவாள். முகத்தைப் பார்ப்பேன், இரண்டு கேள்வி கேட்பேன், வாட்ச்மேனுக்குக் கையைத் தூக்கிக் காட்டுவேன். கேட் திறக்கும். பாஸ் என்றால் அதுதான்.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. கோயம்புத்தூரிலிருந்து சாப்ட்வேர்காரர் ஒருவர் வந்து, யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

“ஒவ்வொரு பட்டனுக்கும் முன்னால ஒரு வாட்ச்மேன் நிக்கிற மாதிரிங்கம்மா. அமுக்கறது ஆரு, அவங்களுக்கு அனுமதி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் உள்ள உடும். பாஸ் குடுக்க உங்க பேரையும் போட்டுறட்டுங்களா?”

எழுத்துக் கூட்டித்தான் தமிழே படிப்பேன். திரை முழுக்க இங்கிலீஷ். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“அந்தப் பொட்டிய நோண்டறதெல்லாம் வார்டன் அம்மணியே பாத்துக்கட்டுங்க. நாஞ் சொன்னா கேட் தன்னால தொறக்கும்” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெயர்ப்பட்டியலைப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த ஆவணி மத்தியானம் வார்டன் மதுக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி மில்லிலிருந்து ஓடி வந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் இருக்கிறார், உடனே வா என்று அண்ணன் போன் செய்திருக்கிறான்.

“பொறப்படு கண்ணு” என்று கேட்டுக்குக் கூட்டிப்போய்க் கையைத் தூக்கினேன். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கம்ப்யூட்டர்ல பச்சை வந்தாத்தானுங்கக்கா தொறக்கலாம். போன வாரம் இதுக்குத்தான் ஒருத்தர வேலையவுட்டு நிறுத்திப்போட்டாங்க.”

“இருவது வருசமா என்ற கையப் பாத்துத் தொறந்தவன்தானே நீ!”

ஆபீசுக்கு ஓடிப்போய்த் திரையில் பாஸ் பட்டனை அமுக்கினேன். சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுபடியும் அமுக்கினேன். அழுதுகொண்டே அந்தப் பெண்தான் படித்துச் சொன்னாள்: “உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருதுங்கம்மா.”

கல்யாணச் சத்தத்தில் வார்டன் போனை எடுக்க இரண்டரை மணி நேரமானது. எடுத்ததும் அங்கிருந்தே தன் போனில் ஒரு தரம் அமுக்கினார். பச்சை வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்களாம்.

அந்தச் சாப்ட்வேர்காரர் மறுபடி வந்தபோது சண்டைக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அது சரியாத்தானுங்கம்மா வேலை செஞ்சிருக்குது. வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்களே.”

அந்தப் பெண் பெட்டியை எடுத்துப்போக ஒரே ஒரு நாள் வந்தாள். வாட்ச்மேனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, “நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க, கல்நெஞ்சுக்காரன், அந்தாளுதான் என்னைய வெளிய உடல” என்றாள். வாட்ச்மேன் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நான் அமுக்கினால் பச்சை வருகிறது, கேட் திறக்கிறது. ஆனால் தெரியாது என்ற ஒரு சொல்லை அன்று நான் விழுங்கியதால் அப்பன் முகத்தை அவள் இழந்ததையும், அந்தப் பழியை வாட்ச்மேன் இன்னும் சுமந்து நிற்பதையும் எந்தப் பட்டனை அமுக்கியும் என்னால் மாற்ற முடியவில்லை.