அம்மா பார்த்துச் சொன்ன மரங்கள்

கண்டி மார்க்கெட் பக்கம் பேரீச்சம்பழக் கடை திறக்கவிருந்த முதலாளிக்கு ஒரு விநோத ஆசை. இரண்டு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க, பாலைவனத்தில் காய்க்கிற மரம் செடிகளை வரைய வேண்டுமாம். அந்த வேலை என் அப்பாவுக்குக் கிடைத்தது. போர்டு எழுதுவதில் அப்பா கெட்டிக்காரர்தான். ஆனால் கண்டி மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவருக்குப் பாலைவனத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் வரைந்த பேரீச்சை மரத்தில் பழம் சடை சடையாகப் பாதி மரம் வரை தொங்கியது.

சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, வீடியோ கோலில் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, என்னங்க இது! நம்மூரு கித்துல் பனையையில்ல வரைஞ்சு வச்சிருக்கீங்க! பேரீச்சங்குலை மட்டைக்குக் கீழயே குட்டையா நிக்குங்க."

அப்பா அசடு வழிந்தார். பக்கத்தில் நின்ற முதலாளியும் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து அம்மாவிடம் கேட்காமல் அப்பா பிரஷைத் தொடுவதில்லை. தான் வேலை செய்த வீட்டுத் தோட்டத்தை அம்மா போனில் காட்டுவாள். இலந்தையும் மாதுளையும் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஏணியடிக்கு ஓடுவேன். மரங்களை யார் பார்த்தார்கள்? அம்மா முகத்தைப் பார்க்கத்தான் அந்த ஓட்டம். எப்போது வருவாய் என்று தினமும் அவளை நச்சரிப்பேன்.

சப்பாத்திக்கள்ளி மட்டும் பாக்கி இருந்தபோது அம்மாவின் கோல் வருவது நின்றுபோனது. சில நாள் கழித்து, சவூதியிலிருந்து யாரோ போனில் பேசியதும், முதலாளி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேல கெடக்கட்டும், ஊட்டுக்குப் போங்க" என்றார். அப்பா கேட்கவில்லை. ஏணியில் ஏறி, கள்ளிப்பழத்துக்குச் சிவப்பு தீட்டத் தொடங்கினார். பழம் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அந்தப் பழங்கள்தான் முதலில் கண்ணில் படும்.

அன்றைக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மாகிட்ட கேக்காம வரையாதீங்கப்பா! அம்மா சிரிக்கப் போகுது!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே, "அம்மா வருதும்மா" என்றார். "நேர்லயே வருது."

நான் குதித்த குதி இருக்கிறதே! வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேன். அடுத்த வீட்டு அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவர்கள் சந்தோஷத்திலும் அழுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அப்பாவோடும் மாமாவோடும் வேனில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனேன். பயணிகள் வெளியே வரும் வாசலில் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வேன் அங்கே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், விமானத்தில் வந்த பெட்டிகளை லொறிகளில் ஏற்றும் இடத்தில் நின்றது.

அம்மா நிறையச் சாமான் கொண்டுவருகிறாள் போலிருக்கிறது என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.