ஆமைகளுக்கு வீடு பார்த்த கதை

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் மாமா குருநாகல் பஸ்ஸில் வந்து எங்கள் ஊர் கலேவெலையில் இறங்கினார். கையில் தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு ஆமைக் குஞ்சுகள். பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுமாக, ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. மாமா உம்மாவின் தம்பி. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பவர்.

உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உனக்கொரு தம்பியோடு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிப் போனவர் தனியாக வந்தார். வந்ததிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே இருந்தார். சமைத்துப் போட வந்திருந்த உம்மாவின் தங்கை சாச்சியிடம் நான் விசாரித்தேன். அவர் என் தலையை வாரிக்கொண்டே, "தம்பி இப்ப வரமாட்டார் மகள்," என்றார். இப்போது வரமாட்டார் என்றால் பிறகு வருவார் என்றுதானே அர்த்தம்? எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. பிள்ளைக்கு விளையாட ஏதும் வேணுமே," என்று மாமா வாப்பாவுக்குச் சமாதானம் சொன்னார். வாப்பா ஆமைகளையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. மரக்கறி ஏற்ற லொறியை எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்விட்டார்.

ஆமைகளை முதலில் அரிசி கழுவும் பேசினில் விட்டோம். காலையில் ஒன்றைக் காணவில்லை. அலுமாரிக்கு அடியில் தூசியும் தலைமுடியும் சுற்றிக் கிடந்ததைக் கண்டு சாச்சி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். பிறகு மாமா என்னை டவுனில் ஒரு மீன் தொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனார். லைட்டும் கூழாங்கல்லும் போட்ட கண்ணாடித் தொட்டி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது, விலையைக் கேட்கும்வரை. "இந்த விலைக்கு நாமளே உள்ள குடியிருக்கலாம்," என்று என் காதில் சொல்லிவிட்டு வெளியே கூட்டி வந்து ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

அடுத்து, தீர்ந்துபோன பெயின்ட் வாளி. அதிலிருந்து தப்ப முடியவில்லை, ஆனால் ஏறி இருக்கவும் இடமில்லை. நீந்தி நீந்திக் களைத்துப்போயின. செங்கல் ஒன்றைப் போட்டோம், தண்ணீர் சிவந்துபோனது. மாமா போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியும் வேணுமாம், ஏறிக் காயச் சரிவும் வேணுமாம். அகலமா ஏதும் ஈக்கா?"

இருந்தது. அலுமாரிக்கு மேலே, உறைகூடப் பிரிக்காமல், பிள்ளை குளிப்பாட்டும் நீலத் தொட்டி. வாப்பா லொறியின் முன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தது. பிள்ளை சாய்ந்துகொள்ள ஒரு பக்கம் சரிவாக இருக்கும்.

நான் நேரே உம்மாவின் கட்டிலுக்குப் போனேன்.

"உம்மா, தம்பி வாற வரைக்கும் அந்தத் தொட்டியில ஆமைய வெக்கட்டா? தம்பி வந்தா நல்லாக் கழுவித் தாறேன்."

வாசலில் நின்ற மாமா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "வெளிய வா மகள்!"

"விடு அவள," என்றார் உம்மா. பிறகு எழுந்து உட்கார்ந்து, "எறக்கிக் குடு," என்று மாமாவிடம் சொன்னார்.

உறையை உம்மாதான் பிரித்தார். தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்தார். முழங்கையை அதில் வைத்துச் சூடு பார்த்தார். நான் சிரித்தேன். "ஆமைக்குப் பச்சத் தண்ணி போதும் உம்மா!" மாமா சிரிக்கவில்லை. ஆமைகள் இரண்டும் நேராகப் போய்ச் சரிவில் ஏறி, கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டன.

அன்று பின்னேரம் வாப்பா வந்தார். குழாயடியில் தொட்டியைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போய் லொறிக்குள் உட்கார்ந்துகொண்டார். சோறு ஆறுகிறது என்று சாச்சி இரண்டு தரம் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

அதன் பிறகு உம்மா தினமும் எழுந்தார். தண்ணீர் மாற்றினார். தொட்டியை வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்த்தினார். வீடு கொஞ்சம் பழையபடி ஆனது போலிருந்தது. சில வாரங்களுக்குப் பிறகு, இரண்டில் சின்ன ஆமை, தொட்டும் தலையை உள்ளே இழுக்காமல் அசையாமல் கிடந்தது.

வாப்பா எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டினார். அவர் கையை நீட்டியபோது உம்மா ஆமையைக் கொடுக்கவில்லை. "நானே வெக்கிறேன்," என்றார். வெள்ளைத் துணித் துண்டில் சுற்றி, குனிந்து, மெதுவாக வைத்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அதுவரை உம்மா சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தம்பியை வாப்பாவும் மாமாவும் அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோன நேரம் உம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓர் ஆமைக்காக இவ்வளவு அழுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா அடுத்த முறை வந்தபோது அவரை ஒரு பக்கமாக இழுத்துப் போய், உம்மாவுக்கு இன்னோர் ஆமை வாங்கி வரச் சொன்னேன்.

"ஆகச் சின்னதாப் பாத்து வாங்குங்க மாமா," என்றேன். "சின்னது எண்டாத்தான் உம்மாக்கு விருப்பம்."