இரண்டு ஈயக் குண்டுகள்

தேர்தல் வந்ததால் தோட்டத்து லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. காட்டுப்பன்றிக்காக அண்ணன் அதில் குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துக் குண்டு போட்டு வைத்திருந்தார். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு போனில் அதட்டினார்: "வானத்தப் பாத்துச் சுட்டுப்போட்டுக் கொண்டு போடா."

அவர் பேச்சைக் கேட்டு நான் உருப்பட்டதில்லை. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் நுனியில் திருகு வைத்த பித்தளைக் கம்பியை எடுத்தேன். குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துவிட்டு, குண்டில் திருகி இழுத்தேன். வந்தது. கம்பியை மறுபடி விட்டபோது அடியில் இன்னொரு குண்டு தட்டியது. முதலில் போட்டதை மறந்து அதன் மேலேயே கெட்டித்திருக்கிறார் மகராசன். சுட்டிருந்தால் குழல் வெடித்து என் முகம் சிதறியிருக்கும்.

அதையும் இழுத்தெடுத்து, இரண்டையும் கம்பெனிக்குக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"ஒண்ணு பன்னிக்குங்ண்ணா. இன்னொண்ணு யாருக்குங்க?"