கதாநாயகிக்கு பி ஷிப்ட்

நாவலை நாடகமாக்குவது என்பது ஒரு கூட்டுக் குடும்பத்தையே ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிற வேலை. யாரையாவது இறக்கிவிட்டே ஆக வேண்டும், இறங்குகிறவர் திட்டாமல் இறங்க மாட்டார். ஸ்கிரிப்டும் கையுமாக அலைகிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுதுவதும் நாமே, நடிப்பதும் நாமே, ஆட்டம் முடிந்ததும் மைக் ஒயரைச் சுருட்டி வைப்பதும் நாமே.

நான் ஸ்டெல்லா, வடக்குப்பட்டுக்காரி. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? வேலையை விட்டுவிட்டு, சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களைச் சேர்த்து ஒரு குழு கட்டினேன். சிறுகதைகளை மேடையேற்றிக் கைதட்டல் வாங்கினோம். கைதட்டல் பொல்லாதது. அடுத்து முழு நாவல் ஒன்றைப் போட்டே தீருவது என்று கிளம்பினேன்.

காபியோடு வந்த நிபந்தனை

நாங்கள் எடுத்த நாவலின் கதை எளிது. காத்தாயி என்கிற விதவையின் கிணற்றுப் பங்கைக் கணவனின் அண்ணன் குடும்பம் பிடுங்கிக்கொள்கிறது. அவள் வழக்குப் போடுகிறாள், கோர்ட்டுக்கு நடந்து நடந்தே கிழவியாகிறாள், கடைசியில் ஜெயிக்கிறாள். எழுதிய அம்மா பூந்தமல்லியில் இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பு ஒரு குழு இதே நாவலை மேடையேற்றி, தீர்ப்பு வந்த நிமிஷமே காத்தாயியை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக விட்டுவிட்டதாம். ஏன் என்று கேட்டதற்கு, ஜனங்கள் அழ வேண்டாமா என்றார்களாம். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

காத்தாயியைச் சாகடிக்க மாட்டேன் என்று பைபிள் மேல் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அவர் பைபிள் கேட்கவில்லை, காபி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி தந்தார். அது அவருக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் உழைப்பு அத்தனையும் அன்றே மூட்டை கட்டப்பட்டுவிடும். அதையும் அவரே சொன்னார்:

"நான் வந்து பாப்பேன். பிடிக்கலைன்னா, காத்தாயி அன்னைக்கே என் புத்தகத்துக்குத் திரும்பிடுவா."

சித்தப்பா நீதிபதி ஆனார்

நாவல் தலையணை கனம். முதலில் நான் இறக்கிவிட்டது காத்தாயியின் சித்தப்பாவை. நல்ல மனுஷன்தான், ஆனால் வந்து உட்கார்ந்தாரென்றால் பழைய பஞ்சாங்கம் பேசியே கதையை நிறுத்திவிடுவார். அந்த வேடத்துக்கு நான் வைத்திருந்தது தனசேகரை. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், உள்ளூர்க்காரன். "இன்னாக்கா இது, மாமியார் வூட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேனே!" என்று அவன் கலங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனால் போகிறது என்று நீதிபதியாக்கினேன். வசனம் ஒரே வார்த்தை: "வாய்தா." காத்தாயி ஒவ்வொரு முறை கோர்ட்டுக்கு வரும்போதும் அதைச் சொல்லி வழக்கைத் தள்ளிப்போட வேண்டும், கடைசியில் மட்டும் தீர்ப்பு.

அந்த ஒற்றை வார்த்தையை வைத்து அவன் காட்டிய வேலை இருக்கிறதே! கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு வாய்தா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி ஒரு வாய்தா, நிமிர்ந்தே பார்க்காமல் ஒரு வாய்தா. ஒத்திகை இருங்காட்டுக்கோட்டையில், வேலைக்காரர்கள் வாடகைக்கு இருக்கிற ஒரு கட்டிடத்து மொட்டை மாடியில் நடந்தது. கீழே டீக்கடை. சத்தம் கேட்டுக் கேட்டு டீக்கடைக்காரருக்கே கதை மனப்பாடம். ஒருநாள் இடைவேளையில் தனசேகர் இறங்கிப் போய் டீ கேட்டான். அவர் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு தீர்ப்பச் சொல்லு, அப்பால டீ."

ஒரு காத்தாயி, இரண்டு ஊர்ப் பேச்சு

எங்கள் குழுவில் ஒவ்வொரு முக்கிய வேடத்தையும் இரண்டு பேர் படித்து வைத்திருக்க வேண்டும். ஷிப்டில் இருக்கிறவர்களை நம்பி ஒற்றை ஆளைப் போட்டால், ஆட்டத்தன்று கதாநாயகன் ஓவர்டைமில் இருப்பான். காத்தாயிக்கு தேன்மொழியும் மகேஸ்வரியும். தேன்மொழி ராஜபாளையம் பக்கம். ஹாஸ்டலில் தங்கி, செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை. மகேஸ்வரி எங்கள் ஊர்ப் பெண். கார் சீட் தைக்கிற கம்பெனி. இருவரும் ஒரே நாளில் ஒத்திகைக்கு வந்ததே அபூர்வம்.

தேன்மொழி "இங்ஙன" என்பாள், மகேஸ்வரி "கீது" என்பாள். காத்தாயி எந்த ஊர்க்காரி என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்களே என்று எனக்குத் தூக்கம் போனது. இருவரையும் ஒரே மாதிரி பேச வைக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். தேன்மொழி தலையாட்டிவிட்டுத் தன் போக்கிலேயே பேசினாள். மகேஸ்வரி தலைகூட ஆட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராகவே கேட்டாள்:

"எந்த ஊர்க்காரியா இருந்தா இன்னாக்கா, கோர்ட்டு வாசல்ல நின்னா எல்லாருக்கும் காலு வலிக்கத்தான செய்யும்?"

காதுகுத்து வீட்டார்

ஆட்டத்துக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காதுகுத்து முடிந்ததும் மண்டபம் எங்களுக்கு. தேன்மொழிதான் அன்றைய காத்தாயி. மதியம் அவளுக்கு பி ஷிப்ட். ஞாயிறாவது திங்களாவது, சொல்லாமல் ஒரு ஷிப்ட் தவறினால் காண்ட்ராக்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். மண்டபத்து முனையில்தான் கம்பெனி பஸ் நிற்கும்; ஆட்டம் முடிந்து அவள் சாவகாசமாகச் சோறு தின்றுவிட்டு ஏறலாம் என்பது என் திட்டம்.

திட்டம் போட்ட நான் தாய்மாமனைக் கணக்கில் சேர்க்கவில்லை. சீர் கொண்டுவரும் தாய்மாமன் செம்பரம்பாக்கம் தாண்டி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? நாங்கள் மேக்கப்போடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, பந்தியில் கேசரியும் சாப்பிட்டோம். எழுத்தாளர் அம்மா வேறு அதற்குள் வந்துவிட்டார். பாதி நாடகத்தில் ஆள் இல்லாமல் நிற்கப் போகிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகேஸ்வரிக்குப் போன் போட்டேன். அவள் ஞாயிறு ஓவர்டைம் முடிந்து பஸ் ஏறப்போகிற நேரம். நேராக வந்துவிடு, இடைவேளைக்குப் பிறகு நீதான் காத்தாயி என்றேன். காதுகுத்து வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னொரு கரண்டி கேசரி வைத்தார்:

"கவலப்படாத தங்கச்சி, எங்க அண்ணன் வந்துட்டா அஞ்சு நிமிஷத்துல குத்திருவோம்."

அதே கேஸ்

மாமன் வந்து காது குத்தி, தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் இடைவேளையும் வந்தது, மகேஸ்வரி வரவில்லை. எழுத்தாளர் அம்மா முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேன்மொழி, "நான் தொடருதேன்க்கா, ஆனா பஸ் வந்தா போயிருவேன்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினாள். காத்தாயி வழக்குக் கட்டுகள் அடங்கிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலில் காத்திருக்கிற காட்சி. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. திரை ஓரத்தில், வில்லி ஓரகத்தியாக, காத்தாயி கணவனின் அண்ணன் பெண்டாட்டி வேடத்தில் நின்றிருந்த நான் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் மண்டபத்தின் முன்வாசல் வழியாக, ஜனங்களுக்கு நடுவே, நீல யூனிபார்மும் தொப்பியும் கழுத்தில் ஐடி கார்டுமாக மகேஸ்வரி ஓடி வந்தாள். பின்வாசலில் பந்திப் பாத்திரங்கள் அடைத்துக்கொண்டிருந்தனவாம். மேடைக்கு எதிரே வந்த பிறகுதான் இடைவேளை முடிந்து ஆட்டம் நடப்பதையே பார்த்தாள்.

வேறு நடிகையாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பாள். கம்பெனி லைனில் எங்களுக்கு ஒரு பழக்கம்: அடுத்த ஷிப்டின் ரிலீவர் வந்து வேலையைக் கையில் வாங்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது, எது ஓடுகிறது, எது பழுது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தினமும் செய்கிற அதையே தேன்மொழி மேடையிலும் செய்தாள். மகேஸ்வரியைக் கைகாட்டி மேலே கூப்பிட்டாள். "வந்துட்டியா? வக்கீலய்யா உள்ள இருக்காரு. சாட்சி ஒருத்தன் பல்டி அடிச்சுட்டான், இன்னொருத்தன் அடிக்கப் போறான். சின்னவனுக்குக் காய்ச்சலு, கஞ்சி வச்சிருக்கேன். கூப்பிட்டா உடனே போயிரு" என்று சொல்லி, பையைக் கழற்றி அவள் தோளில் மாட்டினாள். மகேஸ்வரியும் லைனில் சொல்கிற மாதிரியே, "சரி, நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றாள். தேன்மொழி காத்தாயியின் சேலையோடு ஜனங்களுக்கு நடுவே நடந்து, வாசல் தாண்டி, பஸ் ஏறிவிட்டாள்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப்பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். பின்வரிசையில் யாரோ, "ரிலீவர் வந்துட்டாங்கடா!" என்று கத்த, கைதட்டல் கூரையைத் தொட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வில்லி மேக்கப் கரைந்தது. மேடையில் தனசேகர் மட்டும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். தொப்பியும் யூனிபார்முமாக எதிரே வந்து நிற்கிறவளைப் பார்த்து, ஸ்கிரிப்டில் இல்லாத கேள்வியைக் கேட்டான்: "நீ யாரும்மா?" வாய்தா வாய்தா என்று கேட்டுச் சலித்த அத்தனை கோபமும் மகேஸ்வரி குரலில் இருந்தது:

"அதே கேஸுதான்யா, அதே ஆளுதான். தீர்ப்பச் சொல்லு!"

பூந்தமல்லி தீர்ப்பு

தனசேகர் தீர்ப்பைச் சொன்னபோது ஜனங்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். மூன்று தடவை வணங்கியும் விடவில்லை. நான் மட்டும் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாகடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது அவருடைய காத்தாயியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். எழுத்தாளர் அம்மா மெதுவாக நடந்து வந்தார். மகேஸ்வரி, "சாரிம்மா, சேலை மாத்த நேரமில்ல" என்று தொப்பியைக் கழற்றப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்து, தொப்பியை நேராக்கி வைத்தார். பிறகு அங்கிருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கர்த்தரே கர்த்தரே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்:

"காத்தாயி ஒத்தையா நின்னு ஜெயிச்சான்னு இத்தன வருஷமா நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன், ஸ்டெல்லா. நீ கொஞ்சம் உக்காரு, பையை நான் வச்சிருக்கேன்னு சொல்ல ஒரு பொம்பளைய எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லையே. எங்க வேணா போடுங்க, எத்தன தடவ வேணா போடுங்க. ஆனா இந்தப் பொண்ணு இதே யூனிபார்மோட, அந்த முன்வாசல் வழியாத்தான் வரணும்."

நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய காட்சிகளில் ஒன்றைக்கூட அந்த அம்மா பாராட்டவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு, வெற்றி மொத்தத்தையும் நாடக ஆசிரியை என்கிற முறையில் நானே எடுத்துக்கொள்கிறேன்.