சாரலில் நிறுத்திய காத்தாடி

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகிய அண்ணாச்சி அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இலஞ்சியில் பிறந்தார்கள். தகப்பனாரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, தென்காசி லாரிப் பட்டறையில் வேலை பழகி, பிறகு ஒரு பழைய பிளஷர் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார்கள். தங்கைகள் எங்கள் எல்லோரையும் கட்டிக்கொடுத்தது அந்தக் கார்தான். இந்த நினைவஞ்சலியில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடும். எங்கள் அண்ணாச்சியாக இருக்காது.

குற்றாலச் சாரல் காலத்தில் அந்தக் கார் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து எஞ்சினைக் குளிரவைக்கும் காத்தாடி, எஞ்சின் ஓடும்வரை பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலில் அது வேண்டும். சாரல் காற்று முகத்தில் அறையும்போது எதற்கு? எஞ்சின் சூடேறாமல் இருமும், பெட்ரோலைக் குடிக்கும். மற்ற டிரைவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டுவார்கள். அண்ணாச்சிக்கு அது போதவில்லை. காத்தாடிக்கும் அதைச் சுழற்றும் பெல்ட் கப்பிக்கும் நடுவே சொந்தமாக ஒரு கிளட்ச் செய்து மாட்டினார்கள். தோல் ஒட்டிய இரண்டு தட்டுகள். ஸ்பிரிங் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த குமிழை இழுத்தால் கம்பி தட்டுகளைப் பிரித்துவிடும், காத்தாடி ஓய்ந்துவிடும். "அது சும்மா சுத்துததுக்கும் எஞ்சின்தாம்ட்டி தெம்பு குடுக்கணும்" என்று எனக்கு விளக்கினார்கள்.

அந்த வருஷம் ஆடியில் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினிக்கு முதல் பேறுகாலம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டரம்மா. முன்சீட்டில் மதினியின் தம்பி; பின்சீட்டில் என் மடியில் மதினி. தென்காசியில் நல்ல சாரல், குமிழ் இழுத்தபடி கிடந்தது. பாவூர்சத்திரம் தாண்டினால் சாரல் இருக்காது. அங்கே குமிழை உள்ளே தள்ளிக் காத்தாடியைச் சுற்றவிடுவது அண்ணாச்சியின் வழக்கம். அன்று மதினி, "ஏங்க, சீக்கிரம் போங்க" என்று கதறக் கதற, ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஆலங்குளத்துக்கு அப்பால், எஞ்சின் சூடேறி இறுகி நின்றது.

"என்ன எழவ மாட்டி வச்சிருக்கிய அத்தான்! ஓடுத வண்டிய நோண்டி நோண்டி எங்க அக்காவக் கொல்லப் போறிய!" என்று மதினியின் தம்பி நடுரோட்டில் கத்தினார். அண்ணாச்சி குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த கடையநல்லூர் லாரிக்காரர் ஒருவர், சேலைப் பொதிகளை ஒதுக்கி மதினியைப் படுக்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மதினி பிழைத்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுவாரமே அந்தக் கிளட்ச்சைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அந்த யோசனையை விடவில்லை. "மறக்குத கைய நம்பக் கூடாது. சூடு பட்டா அதுவாச் சேரணும்" என்று, இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக அறைந்து அடுப்பில் காட்டிக்கொண்டிருப்பார்கள். சூட்டில் தகடு வளையும். கிளட்ச் தட்டை அழுத்தும் பலம்தான் அதற்கு வரவில்லை. பிறகு இரண்டு பெண்மக்கள் பிறந்தும் முகத்தில் தெளிவில்லை. உங்கள் குற்றமில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம், நம்பவில்லை. மதினி என்ன நினைக்கிறார்கள் என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மதினியோ அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

நோயில் கூட இருந்து பார்த்தவர்களுக்கும், பழசை மறந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த மதினியின் தம்பிக்கும், பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

கடைசி வாரத்தில் மதினி கஞ்சி புகட்டும்போது அண்ணாச்சி கேட்டேவிட்டார்கள்: "பிள்ள போனதுக்கு நாந்தான காரணம்? சொல்லு."

நான் முந்திக்கொண்டு, "இல்லண்ணாச்சி" என்றேன். மதினி என்னைக் கையமர்த்தினார்கள்.

"ஆமா, நீங்கதான். குமிழத் தள்ள மறந்துட்டிய. அழுது தீத்துட்டேன். அதுக்குப் பொறவும் எங்க அம்மா வீட்டுல இருந்துக்கிடாம உங்க வீட்டுக்குத்தான வந்தேன்? வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது."

அன்று அண்ணாச்சி கிண்ணத்துக் கஞ்சி முழுவதையும் குடித்தார்கள்.