புன்னக்காயல் ஜாய்சி போட்ட பந்தல்

ஜாய்சிக்கு முப்பத்துமூன்று வயது. அதில் பதினொரு வருடத்தைப் பெட்டிகளுக்குள் கழித்திருக்கிறாள். பெட்டி என்றால் மரப்பெட்டியோ இரும்புப்பெட்டியோ இல்லை. ஓர் இணையப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பெட்டிகள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று, கடைசிப் பெட்டிக்குள் 'வாங்குக' என்று ஒரு பொத்தான். பழகப் பழக உலகமே அவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பாளையங்கோட்டை மாடி வீட்டிலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போகும்போது, பாலத்தில் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்ப்பாள். தண்ணீர் ஒரு பெட்டி. நடுவில் நாணல் திட்டு ஒரு பெட்டி. இரண்டுக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளி மிகச் சரியாக இருக்கும். யார் விட்டார்களோ, கை தேர்ந்த ஆள். கொக்கு மட்டும் ஒரு நூல் இடதுபக்கம் தள்ளி நிற்கும். அதை மனதுக்குள்ளேயே நகர்த்திச் சரி செய்வாள். சரி செய்த மறுநிமிடம் கொக்கு பறந்துவிடும். பிறகு வெகுதூரத்திலிருந்து வருவது போலக் கண்டக்டரின் குரல் கேட்கும். அவர் அதற்குள் மூன்று தடவை டிக்கெட் கேட்டு முடித்திருப்பார்.

வேலை, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு. வீட்டிலிருந்தபடியே செய்யலாம். இந்தத் தொழிலில் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. வீடு கட்டுகிறவனுக்குச் சாரம் எப்படியோ, இணையப் பக்கம் கட்டுகிறவளுக்கு அது அப்படி. ஒரே வித்தியாசம், கொத்தனார் பாதிச் சுவரில் நிற்கும்போது யாரும் சாரத்தை உருவிக்கொண்டு போய்ப் புதுச் சாரம் கொண்டுவர மாட்டார்கள். ஜாய்சி சேர்ந்த புதிதில் ஜேகுவரி தெரியாதவனை யாரும் மனிதனாகவே மதிக்கவில்லை. அதை அவள் கரைத்துக் குடித்து முடித்த வாரம் ஆங்குலர் வந்தது. அதோடு பேச்சுப் பழகுவதற்குள் அதுவே வேறு ஆளாக மாறி, பழைய பெயரோடு வந்து நின்றது. பிறகு ரியாக்ட். பிறகு வியூ. ஒவ்வொன்றும் 'இனி உங்களுக்குக் கவலையே இல்லை' என்றுதான் வரும், தேர்தல் நேரத்து வேன் மாதிரி. ஜாய்சி யாரையும் வெறுக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு, அதே ஆறு கடலில் கலக்கிற தன் ஊர் புன்னக்காயலுக்குப் போயிருந்தபோது, தான் வேலை செய்த பக்கத்தை அம்மாவிடம் காட்டினாள். வீட்டுச் சாமான் விற்கிற பெரிய பக்கம். அம்மா இஞ்ஞாசியம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி, இதுல நீ செஞ்சது எங்கன இருக்கு?"

"அந்தப் பச்சைப் பொத்தான் இருக்குல்லாம்மா, தொட்டா லேசா உள்ள போயிட்டு வரும் பாருங்க. அந்த 'லேசா' நான் செஞ்சது."

இஞ்ஞாசியம்மாள் பொத்தானை நாலு தரம் தொட்டுப் பார்த்தாள். நாலு மிக்சி கூடையில் விழுந்தது.

"நல்லாத்தான் இருக்கு. பேரு எங்க?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"உங்கப்பா வள்ளத்துல மூணு பேரு பேரு எழுதியிருக்கு. அதுல ஒருத்தன் வள்ளத்துல கால் வச்சதே கெடையாது. நீ பதினோரு வருசமா கண்ணு அவியப் பாத்துக்கிட்டிருக்க, உனக்கு ஒரு எழுத்து கெடையாதோ?"

அம்மா அதோடு மீன் கழுவப் போய்விட்டாள். ஜாய்சிக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை. ஒரே ஒரு பக்கம். முழுக்கத் தன் கையால் கட்டியது. அதன் அடியில், எறும்பளவு எழுத்தில், தன் பெயர். வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தோன்றிய நாளிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அடிக்குத்தான் போவாள், ஊர் பேர் தெரியாத யாருடைய பெயராவது அங்கே இருக்கிறதா என்று பார்க்க.

அம்மையப்பன் அண்ணாச்சி வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். அவர் ஜாய்சி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்குப் பெரியப்பா முறை. டவுண் மேலரத வீதியில் பந்தல் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் நான்கு மாவட்டத்துக்குப் பந்தல் போடுகிறவர். மகன் வெளிநாட்டிலிருந்து "வெப்சைட் இல்லாத கடை கடையா?" என்று கேட்டுவிட்டானாம். ரோஷம் வந்துவிட்டது. ஜாய்சிக்குப் போன் போட்டார். ஒரு மாதம் ஆகும் என்றாள் அவள்.

"கேட்டுக்கோம்மா. என் பேரும் போன் நம்பரும் மேல. பந்தல் போட்டோவெல்லாம் நடுவுல. அம்பாள் படம் கீழ. அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு ஒரு மாசம்?"

ஜாய்சி குறித்துக்கொண்டே கேட்டாள். "அம்பாள் கீழயா அண்ணாச்சி?"

"கீழதான். கடையிலயும் கீழதான இருக்கா."

அவருடைய அம்பாள், அவருடைய பக்கம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று விட்டுவிட்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, என் பேரையும் சின்னதா கீழ போட்டுக்கிடட்டுமா?"



"கீழ வேண்டாம்மா. அது அம்பாளுக்கு உள்ள எடம்லா. என் பேரையே அங்கன வைக்கல. நீ மேல போட்டுக்கோ."

"மேலயா?"

"மேலதான். என் பேரு கூடவே போட்டுக்கோயேன், என்ன இப்போ!"

ஜாய்சி போனை வைத்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டாள். இணையம் தொடங்கிய நாளிலிருந்து பக்கம் கட்டியவளின் பெயர் அடியிலே கிடப்பதுதான் வழக்கம். இந்த மனிதர் உச்சியில் வைக்கச் சொல்கிறார், தன் பெயரோடு சேர்த்து. பந்தல்காரர்களுக்கு மனது பெரிது என்று முடிவு கட்டினாள்.

அடுத்த மூன்று வாரமும் அவள் தரையில் நடக்கவில்லை. கற்றுவைத்த ஃபிரேம்வொர்க் ஒன்றையும் தொடவில்லை. வெறுங்கையால் ஒவ்வொரு வரியாக எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். வாழைமரம் கட்டிய வாசல் ஒன்று திரையில் விரியும், உள்ளே போனால் இன்னொரு வாசல், அதற்குள் ஆறு. ஆற்றின் மேல் வெள்ளைத் துணிப் பந்தல், கால்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்க, நிழல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விழித்துப் பார்த்தால் அரைப்புள்ளி ஒன்றை விட்டிருப்பாள். சேர்ப்பாள். பந்தல் மறுபடி நிற்கும்.

பக்கம் முடிந்தது. மடிக்கணினியோடு கடைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். மேஜையைச் சுற்றி மூங்கில் கழிகள், சுருட்டிய துணிகள். பந்தல் மேஸ்திரி அசன் மைதீன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கிழக்குச் சுவரில் மாலை போட்ட அம்பாள். அதை ஜாய்சி பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. கனவில் இருக்கிறவர்களுக்குச் சுவரெல்லாம் ஒன்றுதான்.

அண்ணாச்சி சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. உச்சியில் 'அம்மையப்பன் பந்தல் அமைப்பகம்', அதை ஒட்டி 'ஜாய்சி'. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"அம்பாள் எங்க?"

"கீழ இருக்கா அண்ணாச்சி."

அவர் திரையின் வலதுபக்கத்தை உற்றுப் பார்த்தார். "காணலியே."

ஜாய்சி பக்கத்தை நகர்த்தினாள். பந்தல் மேல் பந்தலாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு, தரையோடு தரையாக, அம்பாள்.

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அம்பாளைக் காலடியில போட்டுட்டு, உன் பேரை உச்சியில ஏத்தி வச்சிருக்க. நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாரு."

ஜாய்சி பார்த்தாள். அவர் கண்ணால் பார்த்தபோதுதான் அது எப்படித் தெரிகிறது என்பது புரிந்தது. கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவை திடீரென்று கனத்தது. பெயர் போனது மட்டுமில்லை, பக்கமே போய்விட்டது என்று நினைத்தாள்.

"நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, அம்பாள் கீழன்னு?"

"சொன்னேன். கீழயா இருக்கா? தரையிலல்லா இருக்கா!"

"என் பேரு மேலன்னு சொன்னிய."

"மேலன்னுதான் சொன்னேன். உச்சியிலன்னா சொன்னேன்?"

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அசன் மைதீன் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, பிள்ள மேலன்னா மேலன்னு நெனச்சிட்டு."

"மேலன்னா மேலதாம்வே!"

"நீங்க சொன்ன மேல மேக்க. அது கேட்ட மேல மண்டைக்கு மேல. மேலரத வீதின்னா கோபுரத்து உச்சியிலயா இருக்கு?"

மேஜையில் ஒரு பந்தல் வரைபடம் கிடந்தது. அண்ணாச்சியின் படத்தில் வடக்கு எப்போதும் தாளின் உச்சி. இடதுபக்கம் மேற்கு, அதாவது மேல. வலதுபக்கம் கிழக்கு, அதாவது கீழ. நாற்பது வருடமாகத் தாள் என்றாலே அவருக்கு அப்படித்தான். திரையையும் தாளாகவே பார்த்திருக்கிறார். ஜாய்சியும் இந்தப் பேச்சில் வளர்ந்தவள்தான். 'கீழ வீடு' என்று அம்மா சொன்னால் கிழக்கு வீடு என்று அவளுக்குத் தெரியாதா? திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் திசை மறந்துபோயிருக்கிறது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு மெல்ல வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. "கூறுகெட்ட பய நான், உன்னயப் போயி…" என்று கண்ணைத் துடைத்தார். ஜாய்சி அங்கேயே நான்கு வரியை மாற்றி, பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். மேற்கில் கடைப் பெயர், அதற்குத் தெற்கே அவள் பெயர், நடுவில் பந்தல்கள், கிழக்கில் அம்பாள்.

"இப்பதாம்மா நிக்கு," என்றார் அண்ணாச்சி.

அசன் மைதீன் அத்தோடு விடவில்லை. தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து நீட்டினார். உச்சியில் கடைப் பெயர், கூடவே ஜாய்சி. அடியில், தரையோடு தரையாக, அம்பாள்.

ஜாய்சி கண்ணை மூடிக்கொண்டாள். போன் திரை ஒடுக்கம். மூன்று பெட்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லாவிட்டால் இடதுபக்கத்தது உச்சிக்கு ஏறும், வலதுபக்கத்தது அடிக்கு இறங்கும். உலகத்து ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் சண்டை போடாமல் ஒத்துப்போகிற காரியம் அநேகமாக இது ஒன்றுதான்.

"ஒரு வரி போதும் அண்ணாச்சி," என்றாள் அவசரமாக. "அம்பாளை உச்சிக்குக் கொண்டுபோயிரலாம்."

"இரு." அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டார். பெருவிரலால் பைய நகர்த்தினார். பெயர் போயிற்று, பந்தல்கள் வந்தன. மறுபடி உச்சிக்குப் போய் மறுபடி இறங்கினார்.

"நம்ம ஆறு மேக்கருந்து கெழக்க ஓடுதுல்லா," என்றார் கடைசியில். "ஆத்துக்கு மேல எது? பாவநாசம். மலை. மேக்கயும் அதுதான், உசரமும் அதுதான். கீழ எது? உன் ஊரு. கெழக்கயும் அதுதான், பள்ளமும் அதுதான். நீ சொன்ன மேலயும் நான் சொன்ன மேலயும் ஒரே மேலதானம்மா."

ஜாய்சி அவர் விரலுக்கடியில் பார்த்தாள். கடைப் பெயர் மலையாக நின்றது. பந்தல்கள் கல்லிடைக்குறிச்சியும் சேரன்மகாதேவியுமாக, படித்துறை படித்துறையாக நகர்ந்தன. பாலம் வந்தது, நாணல் வந்தது. எல்லாம் அகன்று, வேகம் குறைந்து, உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் அம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

"மாத்தாத. அம்பாள் கெழக்கதான் இருக்கா," என்றார் அண்ணாச்சி.

"அப்ப என் பேரை மட்டும் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. மலையில எனக்கு என்ன வேலை? அம்பாளையும் தாண்டி, எல்லாத்துக்கும் கடைசில போட்டுக்கிடட்டுமா?"

"அதுக்குக் கெழக்க எடம் ஏது?"

"கடல் இருக்குல்லா."

அவர் மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தார். "இதுல அது எந்தத் திக்குல வரும்?"

"எல்லாத்துக்கும் அடியில. தெக்க."

"தெக்க எமன் திக்குல்லாம்மா."

"எங்க ஊருக்குத் தெக்க திருச்செந்தூருல்லா இருக்கு அண்ணாச்சி."

அசன் மைதீன்தான் முதலில் சிரித்தார். அண்ணாச்சி கையை அசைத்தார். போடு என்று அர்த்தம். 'வடிவமைப்பு: ஜாய்சி' என்று அடித்தாள்.

"வடிவமைப்பா? சோப்பு டப்பாவுல எழுதியிருக்க மாதிரி இருக்கு," என்றார் அவர். "காலு ஊனியிருக்க, குறுக்க கட்டியிருக்க, நடுவுல ஆளு நடக்க வழி விட்டிருக்க. பந்தல் போட்டதுன்னு போடு."

பதினொரு வருடத்தில் அவள் வேலையை இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை. பெங்களூரில் வருடாவருடம் மதிப்பீடு எழுதுகிறவர்கள் உட்பட. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்: 'பந்தல் போட்டது: புன்னக்காயல் ஜாய்சி.' பக்கத்தில் தன் போன் நம்பர்.

பன்னிரண்டாம் நாள் காலை. ஜாய்சி பஸ்ஸில் இருந்தபோது போன் அடித்தது. வள்ளியூரிலிருந்து யாரோ ஒரு பெண்.

"பந்தல் ஜாய்சிதான? அடுத்த வெள்ளிக்கெழம புது வீடு பால்காய்ப்பு. வாசல்ல பந்தல் போடணும். போன்ல பாத்தேன், அம்புட்டு நல்லா இருந்துச்சு."

நான் அந்தப் பந்தல் போடுகிறவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணாச்சி நம்பரைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. தண்ணீர்மேல் வெயில் விழுந்து, எங்கும் வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடந்தது. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தாளின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி போட்டாள்.

"வாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்குக்கா?" என்று கேட்டாள்.